முத்துக்காரி குடித்த நாள்

கற்றாழைச் சாராயம் காய்ச்சுகிற அந்தச் சின்ன ஆலையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முதலாளியிலிருந்து கேட்டில் உட்கார்ந்திருக்கும் காவலாளி வரை எல்லோருக்கும் அவள் முத்துக்காரி. அவள் செய்கிற வேலையால் வந்த பெயர் அது.

எட்டு பத்து வருஷம் வெயிலில் நின்று முற்றிய ஆனைக்கற்றாழையின் மடல்களைச் சீவி எறிந்துவிட்டு, அடித்தண்டை மட்டும் குழியடுப்பில் வேகவைப்பார்கள். வெந்ததை நசுக்கித் தொட்டியில் புளிக்கவிடுவார்கள். புளித்ததைச் செம்புக் கொப்பரையில் ஏற்றித் தீ மூட்டினால், ஆவி மேலே போய்க் குளிர்ந்து குழாய் வழியே சொட்டும். முதலில் வருவதற்குத் தலை என்று பெயர். அது உடம்புக்கு ஆகாது. கடைசியில் வருவது வால், அது நாறும். நடுவில் வருவதுதான் சரக்கு. தலை எங்கே முடிகிறது, வால் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல ஆலையில் அவள் ஒருத்திதான். ஒரு கிண்ணத்தில் பிடித்து, கையை உயர்த்தி இன்னொரு கிண்ணத்தில் ஊற்றுவாள். குமிழிகள் எழுந்து ஓரத்தில் வட்டமாகச் சேரும். அதைத்தான் முத்து என்றார்கள். முத்து சட்டென்று உடைந்தால் வீரியம் பத்தவில்லை. நின்று நிதானமாகக் கலைந்தால் சரி. பிறகு ஒரு சொட்டை நாக்கு நுனியில் வைப்பாள், காலடியில் இருக்கும் வாளியில் துப்புவாள். விழுங்கியதே இல்லை. விழுங்கினால் நாக்கு மழுங்கும், நாக்கு மழுங்கினால் பிழைப்பு போகும் என்று அவளுக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷமாகச் சாராயத்துக்கு நடுவிலேயே நின்றவள் ஒரு மடக்கு குடித்ததில்லை என்றால் வெளியில் யாரும் நம்ப மாட்டார்கள். வெளியில் மட்டுமா, வீட்டிலேயே நம்பவில்லை. இந்தக் கதை அதைப் பற்றியதுதான்.

அவளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. கொப்பரைக்கும் அதன் மூடிக்கும் நடுவிலுள்ள இடைவெளியை அடைப்பது. அதற்குக் கோதுமை மாவுதான். களிமண் வெடிக்கும், துணி கருகும். கோதுமை மாவைக் காது மடல் பதத்துக்குப் பிசைந்து, விரல் தடிமனுக்குத் திரித்து, விளிம்பைச் சுற்றி அப்பினால் சூட்டில் வெந்து இறுகிவிடும். ஆனால் இறுகுவதற்குள் ஏதாவது ஓர் ஓரத்தில் ஆவி சீறும். சீறுகிற இடத்தில் அந்த நொடியே மாவை வைத்து அழுத்த வேண்டும். தண்ணீர் தொட்ட மாவு சூட்டுச் செம்பில் வழுக்கும். எச்சிலில் ஊறிய மாவு பட்ட இடத்திலேயே பிடித்துக்கொள்ளும். அதனால் மூடி அடைக்கிறவர்கள் நெல்லிக்காய் அளவு மாவைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டுதான் கொப்பரையைச் சுற்றி வருவார்கள். தையல்காரர் ஊசியை உதட்டில் கவ்வி வைத்திருக்கிற மாதிரி. கன்னத்தில் இருப்பது தீர்ந்தால் அடுத்த உருண்டை. அவளுக்கு வேலை கற்றுக்கொடுத்தவரும் அப்படித்தான் செய்தார், அவருக்கு முந்தியவரும் அப்படித்தான்.

உடம்பு கெட்டது மூன்று வருஷத்துக்கு முன்னால். முதலில் வயிறு ஊதியது. பிறகு வயிற்றுப்போக்கு. ஒரு நாள், இரண்டு நாள் என்று தொடங்கி, வாரத்தில் ஐந்து நாள் என்றாகிவிட்டது. காலையில் வேலைக்குப் போய்ச் சாயங்காலம் திரும்புகிறபோது படியேற மூச்சு வாங்கும். வாயெல்லாம் புண். தலைமுடி சீப்போடு வந்தது. ரவிக்கைகளை உள்ளே பிடித்துத் தைத்தாள், பிறகு மறுபடி பிடித்துத் தைத்தாள். கை நடுங்கியது. தலை சுற்றி இரண்டு தடவை தெருவில் உட்கார்ந்துவிட்டாள்.

கை நடுங்குகிறது, தள்ளாடுகிறாள், காலையில் வாந்தி எடுக்கிறாள், புடவையில் சாராய வாடை அடிக்கிறது. இதைப் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அவள் கணவர் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுநர். தினம் காலையில் வண்டிச் சாவியை வாங்குவதற்கு முன்னால், குடிக்கவில்லை என்று குழாயில் ஊதிக் காட்ட வேண்டிய வேலை. சத்தம் போடுகிறவர் இல்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நாலு நாள் பேசாமல் இருக்கிறவர். முதல் வருஷம் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாவது வருஷம் அலமாரியில் துணிகளுக்கு நடுவே கையை விட்டுத் துழாவத் தொடங்கினார். அரிசி டப்பா, தண்ணீர்த் தொட்டி, கட்டிலுக்கு அடியில் என்று அவர் தேடாத இடம் இல்லை. ஒன்றும் கிடைக்காதது அவருக்கு இன்னும் பெரிய சந்தேகமாகப் போயிற்று.

மகளுக்குப் பதினாறு வயது. பெற்றோர் கூட்டத்துக்கு அம்மா ஆலையிலிருந்து நேராகப் போனாள். நடுவில் எழுந்து கழிப்பறைக்கு ஓடினாள். திரும்பி வருகிறபோது நடைபாதையில் சுவரைப் பிடித்துக்கொண்டே சரிந்தாள். தூக்க வந்த ஆசிரியை ஒரு கணம் மூக்கைச் சுளித்ததை மகள் பார்த்துவிட்டாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து பை கூடக் கழற்றாமல் சொன்னாள்:

“இனிமே நீ என் ஸ்கூலுக்கு வராத. அப்பா வரட்டும். யாருமே வரலைன்னாலும் பரவால்ல.”

முத்துக்காரி அந்த வாரமே அரசு மருத்துவமனைக்குப் போனாள். டாக்டரம்மா வயதில் சின்னவர், ஆனால் கேள்விகளை அவசரப்படாமல் கேட்கிறவர். ரத்தம் எடுத்தார்கள், வாய் வழியாகக் குழாய் விட்டுக் குடலைப் பார்த்தார்கள். கோதுமையிலும் பார்லியிலும் உள்ள குளூட்டன் என்கிற பசைப் பொருள் அவள் குடலுக்கு ஆகவில்லை, குடலின் உள்தோலே தேய்ந்து வழுக்கையாகிவிட்டது, அதனால் தின்பது எதுவும் உடம்பில் ஒட்டவில்லை என்றார் டாக்டரம்மா. எந்த வயதிலும் இது தொடங்கலாம், மருந்து கிடையாது. ரொட்டி, பிஸ்கட், கேக் எதையும் தொடக் கூடாது. ஒரு துணுக்குப் பட்டாலும் வயிறு காட்டிக் கொடுத்துவிடும்.

வேலை என்ன என்று கேட்டார். சொன்னாள். டாக்டரம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, பீர் கூடாது, அது பார்லி என்றார். கற்றாழையில் குளூட்டன் இல்லை, அதைக் காய்ச்சி வடித்த சாராயத்திலும் இல்லை, நாக்கில் வைத்துத் துப்புவதால் இந்த நோய்க்கு ஒன்றும் ஆகாது என்றார். அதை அப்படியே சீட்டிலும் எழுதினார். வேலை செய்கிற இடத்தில் என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டார். ஒன்றும் சாப்பிடுவதில்லை, சோறு வீட்டிலிருந்து கொண்டுபோகிறேன் என்றாள் அவள். அது உண்மைதான். மாவைச் சாப்பாடு என்று அவள் எந்த நாளும் நினைத்ததில்லை. கொத்தனாரிடம் என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டால் சிமெண்ட் என்று சொல்வாரா?

சீட்டைக் கொண்டுவந்து கணவரிடம் காட்டினாள். கடைசியில் மூன்று வருஷத்துக்கு ஒரு பதில் கிடைத்துவிட்டது என்ற சந்தோஷம் அவளுக்கு. ஓட்டுநர் இரண்டு தடவை படித்தார். சாராயத்தால் பாதகமில்லை என்ற வரியில் விரலை வைத்தார்.

“உலகத்துல எந்த டாக்டர் சாராயம் குடிக்கலாம்னு சீட்டு எழுதிக் குடுப்பாங்க? இந்த வரியை எழுதச் சொல்லி நீதானே கேட்ட?”

“நான் ஏங்க கேக்கப் போறேன்?”

“அதான் எனக்கும் தெரியல.”

நாத்தனார் இரண்டு தெரு தள்ளி இருந்தார். விஷயம் கேள்விப்பட்டதும் வந்து, தம்பிக்குக் காபி போட்டுக் கொடுத்துக்கொண்டே, ஊரில் எல்லோருக்கும் சாராயம் ஆகாது ரொட்டி ஆகும், இந்த மகராசிக்கு ரொட்டி ஆகாது சாராயம் ஆகும், கொடுத்து வைத்தவள் என்றார். ஓட்டுநர் சிரிக்கவில்லை. மகள் எழுந்து உள்ளே போனாள்.

முத்துக்காரி எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. வீட்டில் ஒரு துணுக்கு ரொட்டி இல்லாமல் துடைத்தாள். தனக்கென்று தனித் தட்டு, தனிக் கரண்டி. மற்றவர்கள் ரொட்டி வெட்டுகிற பலகையைத் தொடுவதில்லை. சோறும் முட்டையும் உருளைக்கிழங்கும் மட்டும் தின்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வயிறு கொஞ்சம் அடங்கியது போல இருக்கும். திங்கட்கிழமை மறுபடி பழைய குருடி கதைதான். மூன்று மாதம் கழித்துப் பரிசோதித்தபோது ரத்தத்தில் பெரிய மாற்றம் இல்லை. எங்கேயோ உள்ளே போகிறது, நன்றாக யோசித்துப் பாருங்கள் என்றார் டாக்டரம்மா. அவள் ஒரு நோட்டில் வாயில் போட்ட ஒவ்வொன்றையும் பதினைந்து நாள் எழுதினாள். வெற்றிலை பாக்கு இல்லை, மிட்டாய் இல்லை, பல்பொடி கூட எழுதினாள். மாவை எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தேறி, திங்கட்கிழமை விழுவதை ஓட்டுநரும் கவனித்துக்கொண்டுதான் இருந்தார். கணக்கு அவருக்குப் பளிச்சென்று புரிந்தது. வேலைக்குப் போகாத நாளில் நன்றாக இருக்கிறாள், போன நாளில் கெட்டுப்போகிறாள். ஆலையில் ரொட்டியா காய்ச்சுகிறார்கள்?

ஒரு நாள் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்து சொன்னார். குரலை உயர்த்தவே இல்லை.

“ஒரு மாசம் வேலைக்குப் போகாம இரு. வெளிய எங்கயும் போகாத. உடம்பு தேறலைன்னா நீ சொல்றது நிஜம், நான் உன் கால்ல விழுறேன். தேறிடுச்சுன்னா, அப்புறம் நீ அந்தப் பக்கமே போகக் கூடாது. மறுபடி அந்த வாடையோட வந்தேன்னா, பாப்பாவை அக்கா வீட்டுல கொண்டு விட்டுடுவேன். இது பரீட்சை வருஷம். அவ இதைப் பாத்துக்கிட்டுப் படிக்க முடியாது.”

அவள் ஒப்புக்கொண்டாள். ஒரு மாசம் வீட்டில் இருந்தால் மட்டும் குடல் மாறிவிடுமா என்ன, மூன்று மாதம் ரொட்டி இல்லாமல் இருந்தே மாறவில்லையே என்று நினைத்தாள். முதலாளியிடம் லீவு சொன்னாள்.

பத்தாம் நாள் வயிற்றுப்போக்கு நின்றது. பதினைந்தாம் நாள் பசித்தது. மூன்று வருஷத்தில் முதல் தடவையாகப் பசி என்பது இப்படித்தான் இருக்கும் என்று அவளுக்கு ஞாபகம் வந்தது. வாய்ப்புண் ஆறியது. மொட்டை மாடிக்கு ஒரே மூச்சில் ஏறினாள். ஏறி நின்று, மேலே யாரும் இல்லாததால் அழுதாள். உடம்பு தேறத் தேற அவள் வாதம் செத்துக்கொண்டிருந்தது.

மாசக் கடைசியில் ஓட்டுநர் அவளுக்குப் பிடிக்கும் என்று மீன் வாங்கி வந்தார். அந்த மீன்தான் தீர்ப்பு. மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ரொம்ப நாளைக்குப் பிறகு அம்மாவின் தோளில் சாய்ந்து, “விட்டுட்ட இல்லம்மா? அது போதும்” என்றாள்.

இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சொன்னால் அந்தத் தோள் விலகிவிடும். சொல்லாவிட்டால் மூன்று வருஷமும் குடித்தேன் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அன்றைக்கு அவள் தன்னையே சந்தேகப்பட்டாள். நாக்கு நுனியில் வைத்த சொட்டுகள் எல்லாம் சேர்ந்து உள்ளே போயிருக்குமோ? இருபத்திரண்டு வருஷத்துச் சொட்டு. ஒருவேளை நான் குடிகாரிதானோ, எனக்குத்தான் தெரியவில்லையோ என்று நினைத்தாள். நல்ல மனநிலையில் இருக்கிற ஒருத்தி நினைக்கிற நினைப்பா அது?

அதற்கு மறுவாரம், மதிய நேரத்தில், புளிக்கவைக்கும் தொட்டிகளைப் பார்த்துக்கொள்கிற பெண் வீட்டுக்கு வந்தாள். தொட்டியக்கா என்று பெயர். பெரிய உடம்பு, பெரிய தொண்டை, ஒளிவுமறைவு தெரியாதவள். முத்துக்காரிக்குப் பதிலாக இப்போது அவள்தான் மூடி அடைக்கிறாளாம். மாவு நிற்கவே மாட்டேன் என்கிறதாம். பாதிச் சரக்கு ஆவியாகக் கூரைக்குப் போகிறது, கூரையில் இருக்கிற பல்லியெல்லாம் தள்ளாடுகிறது என்றாள். ஒரு ஈரத்துணியில் மாவு உருண்டையே கொண்டுவந்திருந்தாள்.

“இந்தா, இதைப் பாரு. பதம் சரியா இருக்கா இல்லியா? எனக்கு மட்டும் ஏன்டி வழுக்குது?”

முத்துக்காரி தொட்டுப் பார்த்தாள். பதம் சரிதான். கன்னத்தில் எத்தனை நேரம் வைக்கிறாய் என்று கேட்டாள். வாயில் வைத்தால் குமட்டுகிறது, தண்ணீரில்தான் நனைக்கிறேன் என்றாள் தொட்டியக்கா. அதுதான் விஷயம் என்று சொல்லி, முத்துக்காரி ஒரு உருண்டையைக் கிள்ளிக் கன்னத்தில் போட்டாள். எந்தப் பல்லுக்குப் பக்கத்தில் ஒதுக்க வேண்டும், நாக்கால் எப்படிப் புரட்ட வேண்டும், எந்தப் பதத்தில் எடுக்க வேண்டும் என்று காட்டினாள். எவர்சில்வர் குடத்தின் விளிம்பில் ஒட்டிக் காட்டினாள். மறுபடி ஒரு உருண்டை, மறுபடி ஒன்று. வாய்க்குள் கரைந்ததை விழுங்கிக்கொண்டே பேசினாள், எப்போதும் போல. வேலையைப் பற்றிப் பேச ஒரு ஆள் கிடைத்ததில் அவளுக்கு அத்தனை சந்தோஷம்.

தொட்டியக்கா போய் மூன்று மணி நேரம் ஆகியிருக்கும். வயிற்றை யாரோ உள்ளே இருந்து பிடித்து முறுக்கினார்கள். ஓட்டுநர் வேலை முடிந்து வந்தபோது அவள் குளியலறைத் தரையில் கிடந்தாள். வாசலில் தொட்டியக்காவைப் பார்த்ததாக எதிர்வீட்டுப் பெண் அவரிடம் சொல்லியிருந்தாள். தொட்டியக்கா வந்துபோன இடத்தில் வாடைக்குக் கேட்க வேண்டுமா, அறை முழுக்க அடித்தது. ஓட்டுநர் கதவருகில் நின்று பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள்.

“வீட்டுக்கே கொண்டுவந்து குடுத்துட்டுப் போறாங்களா?” என்று மட்டும் கேட்டார்.

அன்றைக்கே மகளின் புத்தகங்களை இரண்டு பையில் கட்டி அக்கா வீட்டுக்கு அழைத்துப் போனார். மகள் குளியலறைப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

தரையில் கிடந்தபடியே அவளுக்கு விஷயம் பிடிபட்டது. ஒரு மாசமாகச் சாராயம் கிட்டத்திலேயே வரவில்லை. இன்றைக்கு ஒரு சொட்டு நாக்கில் படவில்லை. பட்டது என்ன? நாக்கால் வாயைத் துழாவினாள். கடைவாய்ப் பல் இடுக்கில் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

இருபத்திரண்டு வருஷம். நாளைக்கு எட்டு உருண்டை, பத்து உருண்டை. நோட்டுப் போட்டு எழுதினேனே, பல்பொடியைக் கூட எழுதினேனே என்று தலையைச் சுவரில் முட்டிக்கொண்டாள்.

கணவர் திரும்பி வந்ததும் சொன்னாள். மாவுதான் காரணம், மூடி அடைக்கிற மாவு, கன்னத்தில் வைப்பேனே அது என்றாள். சொல்லும்போதே அது எப்படிக் கேட்கிறது என்று அவளுக்கே தெரிந்தது. ஆலைக்குள் நாள் முழுக்க நிற்கிறவள், சாராயம் இல்லை, மாவு என்கிறாள். ஓட்டுநர் கேட்டுவிட்டு, படுத்துக்கொள் என்றார். அவள் டாக்டரம்மாவிடம் ஓடினாள். டாக்டரம்மா நெற்றியில் அடித்துக்கொண்டு, வாயிலேயேவா வைத்திருந்தீர்கள் என்று கேட்டார்; அங்கேயே ஓட்டுநருக்குப் போன் போட்டார். ஓட்டுநர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். கடைசியில், “அவ உங்ககிட்ட சொன்னதை நீங்க என்கிட்ட சொல்றீங்க டாக்டரம்மா. நீங்க அவகூட ஆலையிலயா நின்னீங்க?” என்றார். மாவால் நோய் வரும் என்று டாக்டரம்மாவால் சொல்ல முடியும். அவள் குடித்ததே இல்லை என்று அவர் எப்படிச் சொல்வார்?

மூன்று வாரம் அவள் மட்டும் அந்த வீட்டில் நடமாடினாள். கணவர் வருவார், சாப்பிடுவார், அக்கா வீட்டுக்குப் போய் மகளைப் பார்த்துவிட்டு வந்து படுப்பார். மகள் போனை எடுக்கவில்லை. ஒரு தடவை அவளே நாத்தனார் வீட்டு வாசல் வரைக்கும் போனாள். உள்ளே மகள் சத்தமாகப் பாடம் ஒப்பிக்கிற குரல் கேட்டது. கதவைத் தட்டாமல் திரும்பிவிட்டாள். உடம்பு மறுபடி தேறியது. தேறிய உடம்பை அவள் வெறுத்தாள்.

பிறகு ஒரு நாள், சோறு போட்டுக்கொண்டே கணவரிடம் சொன்னாள்.

“ஞாயித்துக்கிழமை பாப்பாவைக் கூட்டிட்டு வாங்க. வர்றப்போ கடையில ஒரு பாட்டில் வாங்கிட்டு வாங்க. கற்றாழைச் சாராயம், கலப்பில்லாதது. சீல் உடைக்காம. உங்க ரெண்டு பேர் முன்னாடி நான் குடிக்கப் போறேன்.”

ஓட்டுநர் கையில் எடுத்த சோற்றை அப்படியே வைத்தார்.

“மாவு உள்ள போனா மூணு மணி நேரத்துல எனக்கு வயிறு கிழியும். அஞ்சு மணி நேரத்துக்குள்ள கண்டிப்பா கிழியும். சாராயம்னு நீங்க சொல்றீங்க. அப்ப ஒரு டம்ளர் குடிச்சா அதே மாதிரி கிழியணும் இல்ல? கிழியட்டும், உங்க இஷ்டப்படி எங்க வேணா கொண்டுபோய் விடுங்க, நான் வாயத் திறக்க மாட்டேன். கிழியலைன்னா?”

“குடிகாரி இல்லைன்னு காட்டறதுக்குக் குடிப்பியா?”

“வேற எதைக் காட்டச் சொல்றீங்க?”

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே தன் அண்ணனைப் பற்றிச் சொன்னார். அண்ணன் ஈரல் கெட்டுச் செத்தார் என்று அவளுக்குத் தெரியும். எப்படிச் செத்தார் என்று அவர் வாயால் அதுவரை கேட்டதில்லை. காலையில் கை நடுங்குமாம், டம்ளரைப் பிடிக்க முடியாதாம். தம்பிதான் பிடித்து ஊற்றுவாராம். உள்ளே போனதும் கை நின்றுவிடுமாம், கண் தெளியுமாம், ஒரு நிமிஷம் பழைய அண்ணனாகச் சிரிப்பாராம். அந்தச் சிரிப்பை இன்னொரு முகத்தில் பார்க்க என்னால் முடியாது என்றார்.

“பாருங்க. பாத்துட்டு என்ன வேணா சொல்லுங்க” என்றாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணி. சாப்பாட்டு மேஜையில் மூன்று பேர். மகள் நாற்காலியின் நுனியில், எந்த நொடியும் எழுந்து போகிறவள் போல உட்கார்ந்திருந்தாள். ஓட்டுநர் பாட்டிலைத் தாள் பையிலிருந்து எடுத்தார். திருட்டுப் பொருளை வைப்பது போல மேஜையில் வைத்தார். சீலை அவரே உடைத்தார். அவளே கழுவித் துடைத்த டம்ளரில் அவரே ஊற்றினார்.

அவள் எடுத்து முகர்ந்தாள். பழக்க தோஷம், முகம் சுளித்தது. “வாலை வெட்டாம விட்டிருக்கா. இதை வடிச்சவ தூங்கிட்டா” என்றாள். மகள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

முதல் மடக்கை வாயில் வைத்தாள். வைத்ததும் உடம்பு தானாகக் காலடியில் வாளியைத் தேடியது. கழுத்து பக்கவாட்டில் திரும்பிவிட்டது. இருபத்திரண்டு வருஷமாகத் துப்பிய வாய்க்கு விழுங்கத் தெரியவில்லை. கன்னம் இரண்டும் உப்பி, கண் பிதுங்கி, மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசியில் கண்ணை இறுக மூடி, கஷாயம் குடிக்கும் குழந்தையைப் போலத் தலையைப் பின்னால் சாய்த்து விழுங்கினாள். விழுங்கியதும் இருமல் பிடித்தது. மூக்கு வழியே வந்தது. தொண்டையைப் பிடித்துக்கொண்டு தண்ணீர், தண்ணீர் என்று கையால் கேட்டாள். மகள் பதறி எழுந்து ஊற்றிக் கொடுத்தாள்.

“போதும்” என்றார் ஓட்டுநர்.

“ஒரு டம்ளர்னு பேச்சு” என்றாள். மீதியையும் அப்படியே குடித்தாள். பாதி தாடை வழியாக ரவிக்கையில் வழிந்தது. அவள் கை அதுவரைக்கும் நடுங்கவில்லை. குடித்து முடித்த பிறகுதான் நடுங்கத் தொடங்கியது. அதை ஓட்டுநர் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

கால் மணி நேரத்தில் முகம் சிவந்தது. கடிகாரத்தின் பெரிய முள் சின்ன முள்ளைத் துரத்துகிறது, பிடிக்கவே மாட்டேன் என்கிறது என்று சிரித்தாள். முதலாளி மூக்கால் பேசுவது போலப் பேசிக் காட்டினாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகக் கணவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், ஒரு தடவை இல்லை, நாலு தடவை. மகள் தன்னை அறியாமல் சிரித்துவிட்டு, உடனே வாயைப் பொத்திக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். அப்பா சிரிக்கவில்லை. கையால் நெற்றியைத் தாங்கி உட்கார்ந்திருந்தார்.

எழுந்து நின்று காட்டுகிறேன் என்று எழுந்தாள். இரண்டு அடி வைத்தாள். நாற்காலியோடு சேர்ந்து சாய்ந்தாள். பிடிப்பதற்குள் வாந்தி எடுத்துவிட்டாள்.

வாந்தியைப் பார்த்ததும் அவளுக்குப் போதை பாதி இறங்கிவிட்டது. தரையில் மண்டியிட்டபடி, எதிரில் இருந்த இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். மூன்று வாரமாக யோசித்து, கடைசியாகக் கையில் இருந்த ஒன்றையும் தானே கொட்டிவிட்டது போல அவள் முகம் போயிற்று.

“இது அது இல்ல” என்றாள். நாக்கு குழறியது. “சத்தியமா இது அது இல்லங்க. அது வயித்துல முறுக்கிக்கிட்டு வரும். இது வேற. பாப்பா, நீ சொல்லு. அஞ்சு மணி நேரம் ஆகலையே. இதைக் கணக்குல எடுக்காதீங்க.”

ஓட்டுநர் அவள் பக்கத்தில் ஈரத்திலேயே உட்கார்ந்தார். அவிழ்ந்த முடியைப் பின்னால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“தெரியும்” என்றார்.

“உங்களுக்கு என்ன தெரியும்?”

“நீ குடிச்சதில்லைன்னு தெரியும். குடிக்கிறவங்க இப்படிக் குடிக்க மாட்டாங்க” என்றார். “மூணு வருஷம். உன் துணிக்குள்ள எல்லாம் கையை விட்டுத் தேடினேன்.”

அவள் கேட்டதாகத் தெரியவில்லை. மணி என்ன, மணி என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டரை என்றாள் மகள். அவளும் தரையில் வந்து உட்கார்ந்து, தன் துப்பட்டா நுனியால் அம்மாவின் தாடையைத் துடைத்தாள். இரண்டரை, அப்படியானால் ஏழு மணி வரைக்கும் பார்க்க வேண்டும் என்று கணக்குப் போட்டாள் முத்துக்காரி. விரல்விட்டு எண்ணினாள், தப்பாக எண்ணினாள், மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.

எழுந்திரு, வந்து படு, பார்க்க வேண்டியதில்லை, நான்தான் நம்புகிறேன் என்கிறேனே என்றார் ஓட்டுநர். அவள் அவர் கையைத் தட்டிவிட்டாள்.

“இப்ப சொல்லாதீங்க. ஏழு மணிக்கு அப்புறம் சொல்லுங்க” என்றாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, வயிற்றின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, கதவைத் தட்டப்போகிறவர்களுக்காகக் காத்திருப்பவளைப் போலக் காத்திருந்தாள். மகளும் கணவரும் ஆளுக்கொரு பக்கம் தரையிலேயே இருந்தார்கள். அவள் அனுமதிக்கிற வரைக்கும் அவர்களால் வேறெதுவும் செய்ய முடியவில்லை.